வார்ப்புரு அமைத்தல்: மாறக்கூடாதவற்றை வெளியே எடுத்து வையுங்கள்

மாதாமாதம் வெளிவரும் ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தரவு மட்டும்தான் புதிது. தலைப்புகள், வரைபடங்கள், அட்டவணைகள், விளக்க வாக்கியங்கள் எல்லாம் போன மாதத்தவையே. பல அலுவலகங்களில் இந்த வேலை எப்படி நடக்கிறது? போன மாதக் கோப்பை நகலெடுத்து, பெயரை மாற்றி, எண்களை ஒவ்வொன்றாக அழித்துப் புதிதாகத் தட்டச்சு செய்கிறார்கள். எங்கோ ஒரு பத்தியில் பழைய எண் ஒன்று அப்படியே நின்றுவிடும். படிப்பவருக்கு அது தெரியவும் தெரியாது; பழைய எண்ணும் பார்வைக்குச் சரியான எண்ணாகவே இருக்கும்.

அறிக்கைக்கு அறிக்கை மாறவேண்டியவை எவை, மாறவே கூடாதவை எவை என்று பிரித்து, மாறக்கூடாதவற்றை அறிக்கைக் கோப்புக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதுதான் வார்ப்புரு வேலை. நிறமும் எழுத்துருவும் முகப்புப் பக்கமும் அதில் ஒரு பகுதி மட்டுமே. பலரும் அந்தப் பகுதியிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுவதால், அழகான வார்ப்புருவிலிருந்து தவறான அறிக்கைகள் வருகின்றன.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டுத் தரவைப் பயன்படுத்துவோம்: அண்டார்க்டிகாவின் பால்மர் ஆய்வு நிலையத்தருகே 2007 முதல் 2009 வரை கிறிஸ்டன் கோர்மன் குழுவினர் அளந்த 344 பென்குவின்களின் அட்டவணை. பிஸ்கோ, ட்ரீம், டோர்கர்சன் என்று மூன்று தீவுகள். அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்று மூன்று இனங்கள். 2025இல் வந்த ஆர் 4.5.0 பதிப்பிலிருந்து இந்தத் தரவு ஆர் மொழியோடு சேர்ந்தே வருவதால் தனியாகத் தேட வேண்டியதில்லை. நம் இலக்கு, தீவுக்கு ஒன்றாக மூன்று அறிக்கைகள், ஒரே வார்ப்புருவிலிருந்து. சின்னத் தரவுதான். ஆனால் ஒரு வார்ப்புரு எங்கெங்கே உடையும் என்பதை இதைப்போலக் காட்டிக்கொடுக்கும் தரவு குறைவு.

கருவி

இங்கே குவார்ட்டோவைப் பயன்படுத்துகிறோம். எழுத்தையும் நிரலையும் ஒரே கோப்பில் கலந்து எழுதும் முறைக்கு 1984இல் டொனால்ட் க்னூத் வழிகாட்டினார். 2002இல் ஃப்ரீட்ரிக் லைஷின் ஸ்வீவ் அதை ஆர் பயனர்களிடம் கொண்டுவந்தது. 2012இல் யீஹுய் ஷியேயின் நிட்டர் அதை எளிமையாக்கியது. பின்னர் ஆர் மார்க்டவுன் வந்தது. 2022இல் அறிமுகமான குவார்ட்டோ ஆருக்கு மட்டும் என்றில்லாமல் பைத்தானுக்கும் ஜூலியாவுக்கும் பொதுவானது. நிரலை நிட்டரோ ஜூபிட்டரோ இயக்கும். வெளிவரும் மார்க்டவுனை பான்டாக் என்ற மாற்றி எச்டிஎம்எல், வேர்ட், பிடிஎஃப் எதுவாகவும் ஆக்கும். ஆர் மார்க்டவுனிலேயே பழகியவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டாம். கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கும் செல்லும், கட்டளைகளின் பெயர்தான் மாறும்.

கோப்புறை அமைப்பு

ஒரு திட்டத்துக்கு ஒரு கோப்புறை. அதற்குள் மூலத் தரவுக்கு ஒரு துணைக் கோப்புறை. அதில் யாரும் எதையும் திருத்தக்கூடாது. சுத்தம்செய்த தரவுக்கு இன்னொன்று. அதை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு மறுபடி உண்டாக்கலாம். பொதுச் செயற்கூறுகளுக்கு ஒன்று, வார்ப்புருவின் பாணிக் கோப்புகளுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று. இவ்வளவு போதும். பன்னிரண்டு துணைக் கோப்புறைகளுடன் இணையத்தில் கிடைக்கும் ஆயத்த அமைப்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பாதி கடைசிவரை காலியாகவே கிடக்கும்.

கோப்புகளின் முகவரியை மட்டும் கவனியுங்கள். 'சி டிரைவ், பயனர், டெஸ்க்டாப்' என்று முழு முகவரியை நிரலில் எழுதினால் அந்த அறிக்கை உங்கள் கணினியில் மட்டும்தான் ஓடும். குவார்ட்டோ இயல்பாக, அறிக்கைக் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் நிரலை இயக்கும். அதைத் திட்டக் கோப்புறையின் வேரிலிருந்து இயக்கும்படி மாற்ற ஓர் அமைப்பு இருக்கிறது. வார்ப்புருவில் முதல் நாளே அதை மாற்றிவிடுங்கள். எல்லா முகவரிகளும் வேரிலிருந்து தொடங்கினால், அறிக்கையைக் கோப்புறை மாற்றி வைத்தாலும் எதுவும் அறுபடாது.

மூன்று அடுக்கு அமைப்புகள்

குவார்ட்டோவில் ஓர் அமைப்பை மூன்று இடங்களில் எழுதலாம். திட்டம் முழுவதற்குமான யாமல் கோப்பு, ஒரு துணைக் கோப்புறைக்கு மட்டுமான யாமல் கோப்பு, அறிக்கையின் தலையில் வரும் யாமல் பகுதி. முரண் வந்தால் அறிக்கைக்கு நெருக்கமாக இருப்பது வெல்லும்.

வார்ப்புருவின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. பக்க அளவு, எழுத்துரு, உள்ளடக்கப் பட்டியல், தலைப்பு எண்கள், படங்களின் அகலம், நிரலைக் காட்டுவதா மறைப்பதா என்பன எல்லாம் திட்டக் கோப்புக்குப் போக வேண்டும். அறிக்கையின் தலையில் தலைப்பு, எழுதியவர், தரவுத் தேதி, தீவின் பெயர் ஆகியவை மட்டும் மிஞ்ச வேண்டும். அறிக்கையின் தலைப்பகுதி பத்து வரியைத் தாண்டினால், மாறக்கூடாத ஏதோ ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பெயர் ஓர் அளவுரு. ஆர் என்றால் அதை யாமல் பகுதியில் அறிவிக்கலாம். ஜூபிட்டர் என்றால் 'அளவுருக்கள்' என்பதற்கான குறிச்சொல் இட்ட ஒரு நிரல் கட்டத்தில் எழுத வேண்டும். கட்டளை வரியில் அளவுருவை மாற்றி மாற்றிக் கொடுத்தால் மூன்று அறிக்கைகள் வந்துவிடும். அறிக்கைக் கோப்பைத் தொடவே வேண்டாம்.

நிரலைக் காட்டுவது பற்றி ஒரு கருத்து. மேலதிகாரிக்குப் போகும் அறிக்கையில் நிரலை மறைப்பதில் தவறில்லை. எச்டிஎம்எல் என்றால் மடித்து வைத்து, சொடுக்கினால் விரியும்படி செய்யலாம்; அது இன்னும் நல்லது. ஆனால் எச்சரிக்கைச் செய்திகளை ஒட்டுமொத்தமாக அணைக்கும் வரியை வார்ப்புருவில் வைக்காதீர்கள். 'எழுத்தை எண்ணாக மாற்றியபோது சில மதிப்புகள் காணாமல் போயின' என்று ஆர் சொல்வதும் எச்சரிக்கைதான். பிழை வந்தாலும் தொடர்ந்து ஓடு என்ற அமைப்பையும் வைக்காதீர்கள். பிழை வந்தால் அறிக்கை வெளிவராமல் நிற்பதுதான் சரி.

வாக்கியத்துக்குள் எண்

வாக்கியத்தின் நடுவே வரும் எந்த எண்ணையும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். 'இந்தத் தீவில் 52 பென்குவின்கள் அளக்கப்பட்டன' என்பதில் அந்த 52 நிரலிலிருந்து வர வேண்டும். இதற்கென வரிக்குள்ளேயே எழுதும் சிறு நிரல் வசதி ஆரிலும் பைத்தானிலும் உண்டு.

இது எல்லா நூல்களும் சொல்லும் அறிவுரைதான். பின்பற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ட்ரீம் தீவின் 124 பறவைகளுக்கும் உடல் எடை இருக்கிறது. அந்தத் தீவை வைத்து வார்ப்புரு எழுதினால் 'சராசரி எடை இவ்வளவு கிராம்' என்ற வாக்கியம் அழகாக வரும். அதே வார்ப்புருவை டோர்கர்சனுக்கு ஓட்டினால் சராசரி இருக்க வேண்டிய இடத்தில் 'என்ஏ' என்ற இரண்டு எழுத்து நிற்கும். அங்கே ஓர் அடேலிக்கும், பிஸ்கோவில் ஒரு ஜென்டூவுக்கும் அளவுகள் பதிவாகவில்லை. விடுபட்ட மதிப்பு ஒன்று இருந்தாலே ஆர் சராசரி தர மறுக்கும். பைத்தானின் பாண்டாஸ் இதற்கு நேர்மாறு. விடுபட்டதை ஓசையின்றித் தள்ளிவிட்டு 51 பறவைகளின் சராசரியைத் தரும்; வாக்கியமோ 52 என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டில் ஆரின் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே, சராசரியை நேரடியாக வாக்கியத்தில் கணக்கிடாதீர்கள். பொதுச் செயற்கூறுகள் கோப்பில் ஒரு செயற்கூறு எழுதுங்கள். அது சராசரியோடு, எத்தனை மதிப்புகளிலிருந்து அது வந்தது, எத்தனை விடுபட்டன என்பதையும் சேர்த்துத் தரட்டும். வாக்கியம் அந்த மூன்றையும் சொல்லட்டும்.

எண்ணின் தோற்றமும் அங்கேயே தீர்மானமாக வேண்டும். எத்தனை தசம இடம், எங்கே காற்புள்ளி என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் தனித்தனியாக முடிவுசெய்தால் ஒரே அறிக்கையில் 3,701 கிராமும் 3700.66 கிராமும் வரும். நம் ஊர் வாசகருக்கு எழுதும்போது இன்னொரு சிக்கல்: ஆரின் வழக்கமான வடிவமைப்புக் கட்டளை மூன்று மூன்று இலக்கமாகவே வெட்டும். 12,34,567 என்று லட்சக் கணக்கில் வர வேண்டுமானால் நீங்களே ஒரு சிறு செயற்கூறு எழுத வேண்டும். பைத்தானில் பேபல் தொகுப்பிடம் இந்திய வட்டார அமைப்பைச் சொன்னால் அது பார்த்துக்கொள்ளும். தோற்றத்துக்கான முழுமையாக்கலைக் கடைசிப் படியில் மட்டும் செய்யுங்கள். முழுமையாக்கிய எண்ணை எடுத்து மேற்கொண்டு கணக்குப் போட்டால் அட்டவணையின் கூட்டுத்தொகை பொருந்தாது.

படங்கள்

பக்க அமைப்பில் அதிகம் கெடுவது இங்கேதான். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம். இருபுறமும் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எழுத்துப் பரப்பு 160 மில்லிமீட்டர், ஏறக்குறைய 6.3 அங்குலம். படத்தையும் 6.3 அங்குல அகலத்திலேயே வரையச் சொல்லுங்கள். 10 அங்குலத்தில் வரைந்து பக்கத்துக்குள் சுருக்கினால் 11 புள்ளி எழுத்து 7 புள்ளிக்கு இறங்கிவிடும். அடுத்த படம் வேறு அகலத்தில் வரையப்பட்டிருந்தால் அதன் எழுத்து இன்னொரு அளவில் நிற்கும். பக்கத்தைப் புரட்டும்போது ஏதோ ஒழுங்கில்லை என்று தோன்றும், காரணம் பிடிபடாது. எச்டிஎம்எல், வேர்ட், பிடிஎஃப் ஒவ்வொன்றுக்கும் குவார்ட்டோவின் இயல்நிலைப் பட அளவு வேறு என்பதால், ஒவ்வொரு வடிவத்துக்கும் அகலத்தைத் திட்டக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. முழு அகலம், அரை அகலம் என்று இரண்டே அளவுகளை அனுமதியுங்கள்.

அடுத்தது நிறம். ஜிஜிபிளாட்-2 தொகுப்பை அதன் இயல்நிலை நிறங்களோடு விட்டால், படத்தில் எத்தனை இனம் இருக்கிறதோ அத்தனை நிறத்தை அது பங்கிட்டுக்கொள்ளும். மூன்று இனமும் உள்ள படத்தில் அடேலி சிவப்பு, சின்ஸ்ட்ராப் பச்சை, ஜென்டூ நீலம். இனித் தீவு வாரியாகப் பாருங்கள். பிஸ்கோவில் 44 அடேலியும் 124 ஜென்டூவும் உண்டு. அங்கே ஜென்டூ இரண்டாவது நிறமான நீலப்பச்சையில் வரும். ட்ரீம் தீவில் 56 அடேலி, 68 சின்ஸ்ட்ராப். அங்கே சின்ஸ்ட்ராப் அதே நீலப்பச்சையில் வரும். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், 5,076 கிராம் சராசரியுள்ள ஜென்டூவையும் 3,733 கிராம் சராசரியுள்ள சின்ஸ்ட்ராப்பையும் ஒரே இனமென்று நினைக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. எந்தப் படத்திலும் பிழை இல்லை. ஆனால் தொடர் முழுவதும் பொய் சொல்கிறது.

தீர்வு எளிது. இனத்தின் பெயரோடு நிறத்தைக் கட்டிப்போடும் ஒரு பட்டியலைப் பொதுச் செயற்கூறுகள் கோப்பில் வையுங்கள். ஒக்காபே, இட்டோ இருவரும் நிறப் பார்வைக் குறை உள்ளவர்களையும் மனத்தில் வைத்து வகுத்த எட்டு நிறத் தட்டு ஆரிலேயே இருக்கிறது, அதிலிருந்து எடுக்கலாம். புள்ளியின் வடிவத்தையும் இனத்துக்கு இனம் மாற்றினால் அறிக்கை கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டாலும் பிழைக்கும். அச்சின் எல்லைகளையும் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் தன் தரவுக்கேற்ப நீண்டு சுருங்கி, ஒப்பிடவே முடியாமல் போகும்.

தமிழில் அறிக்கை

தமிழில் பிடிஎஃப் எடுக்கும்போது மூன்று இடங்களில் தடுக்கும். முதலாவது, பழைய பிடிஎஃப்-லாட்டெக் இயந்திரம் யூனிகோடு தமிழுக்கு ஒத்துவராது. சீ-லாட்டெக் அல்லது லூவா-லாட்டெக் வேண்டும்; லூவாவில் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற பொறியையும் இயக்க வேண்டும். லாட்டெக்கே வேண்டாமென்றால், 1.4 பதிப்பு முதல் குவார்ட்டோவோடு சேர்ந்தே வரும் டைப்ஸ்ட் என்ற பக்க அமைப்புக் கருவியைப் பயன்படுத்தலாம்; நிறுவும் வேலை மிச்சம், வேகமும் அதிகம். இரண்டாவது, எழுத்துரு. தமிழ் இல்லாத எழுத்துருவைக் கொடுத்தால் லாட்டெக் பிழை சொல்லி நிற்காது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, குறிப்பேட்டுக் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்துப் போய்விடும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை வார்ப்புருக் கோப்புறைக்குள்ளேயே வைத்து, அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் கணினியில் அது இருக்குமா என்ற கேள்வியே எழாது.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: படத்துக்குள் வரும் தமிழ். பத்திகள் சரியாக இருக்க, வரைபடத்தின் அச்சில் மட்டும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். படத்தை வரையும் பொறி வேறு என்பதுதான் காரணம். ஆரில் ராக் என்ற பட வெளியீட்டுத் தொகுப்பை இயல்நிலையாக வைத்தால் இது சரியாகும். பைத்தானின் மேட்பிளாட்லிப் தமிழைத் தப்பாகக் கோத்தால், அச்சுப் பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டு, படத்தின் விளக்கவரியில் தமிழில் எழுதுவது நேர்மையான சமரசம். 'படம் 3', 'அட்டவணை 2' என்பதற்கான முன்சொற்களைத் திட்டக் கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் எல்லாக் குறுக்குக் குறிப்புகளிலும் தமிழே வரும்.

வேர்ட் கேட்பவர்களுக்கு

கேட்பார்கள். அவர்களோடு சண்டையிட்டுப் பயனில்லை. பான்டாக்கிடமிருந்து ஒரு மாதிரி வேர்ட் கோப்பை எடுத்து, அதில் தலைப்பு, பத்தி, விளக்கவரி ஆகியவற்றின் பாணிகளை மட்டும் திருத்திச் சேமித்து, அதையே பாணிக்கான மாதிரிக் கோப்பாகச் சுட்டுங்கள். அதில் உள்ள எழுத்துகளை பான்டாக் பார்க்காது. பாணிகள், ஓரங்கள், பக்க அளவு, தலைப்புக் கீற்று, அடிக் கீற்று இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெளிவந்த வேர்ட் கோப்பில் யாராவது ஒரு வாக்கியத்தைத் திருத்தினால், அந்தத் திருத்தம் மூலக் கோப்புக்குத் திரும்ப வந்தாக வேண்டும் என்பதைக் குழுவில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

தரவின் அடையாளப் பக்கம்

அறிக்கையின் முதல் பகுதியாக, தானாக உருவாகும் ஒரு சிறு அட்டவணையை வார்ப்புருவிலேயே வைத்துவிடுங்கள்: எந்தக் கோப்பு, எத்தனை வரிசைகள் படிக்கப்பட்டன, எத்தனை எதிர்பார்க்கப்பட்டன, வடிகட்டிய பின் எத்தனை, முதல் தேதி, கடைசித் தேதி. அலங்காரம் எதுவும் வேண்டாம்.

2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் கோவிட் தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. இடையில் பயன்படுத்தப்பட்ட பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. வந்த வரிசைகளை வரவேண்டியவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அறிக்கையை நிறுத்தும் ஒரு வரி நிரலின் மதிப்பு அப்போது தெரிந்தது. நம் எடுத்துக்காட்டில் மூன்று தீவுகளின் கூட்டு 168, 124, 52 சேர்ந்து 344 வருகிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை.

தேதியில் ஒரு நுணுக்கம். 'இன்று' என்று எழுதினால் குவார்ட்டோ அன்றைய தேதியைப் போடும். ஓராண்டு கழித்து அதே அறிக்கையை மறுபடி உருவாக்கினால் புதிய தேதி வரும், தரவோ பழையது. தரவுத் தேதியையும் உருவாக்கிய தேதியையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

மறுபடி ஓட்டும்போது

கணக்கீடு நீண்ட நேரம் எடுத்தால், முந்தைய விடைகளை உறையவைக்கும் வசதி குவார்ட்டோவில் உண்டு. 'தானியங்கி' என்று வைத்தால் அறிக்கைக் கோப்பு மாறும்போது மட்டும் நிரல் மறுபடி ஓடும். அது அறிக்கைக் கோப்பை மட்டுமே கவனிக்கிறது என்பதை மறக்காதீர்கள். தரவுக் கோப்பு மாறி, அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறாவிட்டால், திட்டம் முழுவதையும் உருவாக்கும்போது பழைய விடையே வரும். மாதாந்திர அறிக்கைக்கு இந்த வசதி ஆபத்தானது; வைக்காதீர்கள்.

தொகுப்புகளின் பதிப்புகளை ஆரில் ஆர்-என்வ் கொண்டும், பைத்தானில் பூட்டுக் கோப்பு கொண்டும் பதிந்துவையுங்கள். சமவாய்ப்பு எண்களுக்கு விதை எண் கொடுத்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். 2019இல் வந்த ஆர் 3.6.0, மாதிரி எடுக்கும் முறையின் இயல்நிலையையே மாற்றியது. அதற்கு முன்னும் பின்னும் ஒரே விதை எண் வேறு வேறு மாதிரிகளைத் தரும். 2020இல் வந்த ஆர் 4.0.0, எழுத்துச் சரங்களைத் தானாக வகைகளாக மாற்றும் பழைய பழக்கத்தைக் கைவிட்டது. ஆகவே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மொழியின் பதிப்பு, தொகுப்புகளின் பதிப்பு, பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டின் பதிவு எண் மூன்றும் தானாக அச்சாகும்படி செய்யுங்கள். சிறிய எழுத்தில் வந்தால் போதும்.

சோதனை

வார்ப்புருவை நிறைவான தரவை வைத்து எழுதுவது இயல்பு. சோதிக்கும்போது மிக ஏழ்மையான தரவை எடுங்கள். டோர்கர்சனில் இருப்பவை 52 பறவைகள், எல்லாமே அடேலி. 'இனங்களுக்கிடையே எடை வேறுபாடு' என்ற பகுதி அங்கே என்ன ஆகும்? ஒப்பிட இரண்டாவது இனம் இல்லாததால் புள்ளியியல் சோதனை பிழை சொல்லி நிற்கும். பிழையை விழுங்கும்படி வைத்திருந்தால், தலைப்பு மட்டும் இருந்து கீழே வெற்றிடம் இருக்கும். 'இந்தத் தீவில் ஒரே இனம் மட்டுமே பதிவாகியுள்ளதால் ஒப்பீடு இல்லை' என்ற மாற்று வாக்கியத்தை வார்ப்புருவே எழுத வேண்டும். எத்தனை இனம் என்று பார்த்து வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது நாலு வரி நிரல்.

பிறகு, தரவே இல்லாத தீவுப் பெயர் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துப் பிழையோடு 'டிரீம்ம்' என்று கொடுத்தால் காலி அறிக்கை வரக்கூடாது. 'இப்படி ஒரு தீவு இல்லை' என்று சொல்லி நிற்க வேண்டும். இந்தச் சோதனைகளையும் மூன்று தீவு அறிக்கைகளையும் ஒரே கட்டளையில் ஓட்டும் சிறு நிரலை வார்ப்புருவோடு சேர்த்து வைத்தால், வார்ப்புருவைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அதை ஓட்டிவிடலாம்.

இவ்வளவும் முடிந்ததும் கோப்புறையை அப்படியே வேறொருவரிடம் கொடுங்கள், இந்தத் திட்டத்தைப் பார்த்திராதவரிடம். நீங்கள் அருகில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் அவர் தன் கணினியில் மூன்று அறிக்கைகளையும் எடுத்துவிட்டால் வார்ப்புருவுக்கு 1.0 என்று பதிப்பு எண் கொடுக்கலாம். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் வாயால் பதில் சொல்லாமல், வழிமுறைக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஓராண்டுத் தொடர் அறிக்கையின் நடுவில் வார்ப்புருவின் தோற்றத்தை மாற்றாதீர்கள். ஆண்டு முடியும்வரை காத்திருந்து, பதிப்பு எண்ணையும் ஏற்றி, பழைய மாதங்களையும் புதிய வார்ப்புருவில் ஒருமுறை ஓட்டிய பிறகு மாற்றுங்கள்.